மேத்ஸ் டீச்சர் ஒரு வேலை இடத்துக்குப் போய் என்னத்தைக் கத்துக்க முடியும்?

கேட்டிருக்கற விஷயம் இதுதான்: ஸ்கூல்ல இந்த தடவை ஹால்ல உக்கார வச்சு நடத்தற ட்ரெய்னிங்குக்குப் பதிலா டீச்சர்களை நாலு நாள் வெளியில ஒரு வேலை இடத்துக்கு அனுப்பறாங்க, தொழிற்சாலையா ஆஸ்பத்திரியான்னு இன்னும் முடிவாகல, கேட்டவங்க ஒன்பதாம் வகுப்புக்கு மேத்ஸ் எடுக்கறவங்க. இதுல உருப்படியா ஏதாவது கிடைக்குமா, இல்ல சுத்திப் பாத்துட்டு குரூப் போட்டோ எடுத்துட்டு வர்றதோட சரியா, போனா எதைப் பாக்கணும்? ஆசிரியர் பயிற்சி ஏற்பாடு பண்றதுதான் என்னோட வேலை, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

முதல்ல நேரடியான பதில். கிடைக்கும், நிறையவே கிடைக்கும், ஆனா சுத்திப் பாக்கப் போனா கிடைக்காது. ஒரே ஒரு ஆளோட பக்கத்துல இருந்து, அவங்க ஒரு முடிவு எடுக்கறதைக் கண்ணால பாத்து, அது எப்படி எடுத்தாங்கன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டாதான் கிடைக்கும். மத்த ஏற்பாடெல்லாம் இது நடக்கறதுக்காகத்தான்.

இது புது ஐடியா இல்ல. அமெரிக்காவுல சிலிக்கான் வேலி பக்கம் 1985லயே சயின்ஸ், மேத்ஸ் டீச்சர்களை கோடை லீவுல கம்பெனிகள்லயும் ஆராய்ச்சிக் கூடங்கள்லயும் சேத்து விடற திட்டம் ஒண்ணு ஆரம்பிச்சாங்க, ஐஐஎஸ்எம்இன்னு பேரு, பிறகு இக்னைட்டட்னு மாத்திக்கிட்டாங்க. அங்க டீச்சர் விருந்தாளி இல்ல, பணம் வாங்கிட்டு ஒரு நிஜ வேலையை முடிச்சுக் கொடுக்கணும், கூடவே அதை வகுப்புக்கு எப்படிக் கொண்டு போகப் போறோம்னு ஒரு திட்டமும் எழுதணும். சிங்கப்பூர்ல கல்வி அமைச்சகமே டீச்சர் வொர்க் அட்டாச்மெண்ட்னு நடத்துது. சீனாவுல 2016ல வந்த விதிப்படி தொழிற்கல்விப் பள்ளிகள்ல தொழில் பாடம் எடுக்கறவங்க 5 வருஷத்துக்குள்ள மொத்தமா குறைஞ்சது 6 மாசம் நிறுவனங்கள்லயோ நேரடி வேலைத்தளத்துலயோ இருந்தே ஆகணும்.

பலன் இருக்கான்னு கேட்டா நான் எப்பவும் காட்டறது கொலம்பியா பல்கலைக்கழகத்தோட திட்டம். நியூயார்க் பக்கத்து சயின்ஸ் டீச்சர்களை ரெண்டு கோடை லீவு அடுத்தடுத்து ஆராய்ச்சிக் கூடத்துல வேலை செய்ய வச்சாங்க. அந்த டீச்சர்களோட பசங்க மாநிலப் பரீட்சையில எப்படிப் பண்ணாங்கன்னு பாத்து 2009ல சயின்ஸ் பத்திரிகையில கட்டுரை வந்துச்சு. திட்டத்துல சேர்றதுக்கு முந்தின வருஷம் அவங்க பசங்களுக்கும் மத்த டீச்சர்களோட பசங்களுக்கும் தேர்ச்சியில வித்தியாசம் இல்ல, சேர்ந்து மூணாவது நாலாவது வருஷத்துல இவங்க பசங்களோட தேர்ச்சி 10.1 சதவீதம் அதிகம். மூணாவது நாலாவது வருஷம்ங்கறதை கவனிங்க. லேப்ல கத்துக்கிட்டது பாடம் நடத்தற விதத்துக்குள்ள இறங்கி பசங்க மார்க்ல தெரியறதுக்கு அவ்வளவு காலம் ஆகுது. அது ரெண்டு கோடை முழுக்க நடந்த வேலைங்கறதால உங்க நாலு நாளுக்கு அந்த நம்பரை எதிர்பார்க்கவும் முடியாது, ஆனா எந்தப் பக்கம் போகணும்னு அது காட்டுது. 2017ல லிண்டா டார்லிங்-ஹாமண்ட்ங்கற கல்வி ஆராய்ச்சியாளரும் கூட இருந்தவங்களும் நல்ல பலன் கொடுத்த ஆசிரியர் பயிற்சிகளைப் பத்தின 35 ஆய்வுகளைத் தொகுத்துப் பாத்தப்பவும் இதேதான் வந்துச்சு: பாடத்தோட நேரடி சம்பந்தம், டீச்சரே கையால செஞ்சு பாக்கறது, சேர்ந்து வேலை செய்ய கூட ஆள், திரும்பத் திரும்பத் தொடர்றது.

இப்ப உங்க பாடத்துக்கு வருவோம், இங்கதான் நிறைய சொல்ல வேண்டியிருக்கு.

ஸ்கூல் கணக்கும் வேலை இடத்துக் கணக்கும் ஒண்ணுதான், அங்க போனா பாடத்துக்கு நாலு உதாரணம் கிடைக்கும், அவ்வளவுதான்னு பல பேர் நினைக்கறாங்க. ரெண்டும் வேற வேற மாதிரி ஓடுதுன்னு 1985லயே பிரேசில்ல ரெசிஃபே நகரத்துல நடந்த ஒரு சின்ன ஆய்வு காட்டிடுச்சு. தெருவுல பொருள் விக்கற பசங்க அஞ்சு பேர்கிட்ட வாங்கற ஆள் மாதிரி போய் விலை கேட்டாங்க, 98 சதவீதம் சரியா சொன்னாங்க. அதே பசங்களை உக்கார வச்சு அதே மாதிரி கணக்கை வெறும் நம்பரா பேப்பர்ல கொடுத்தா 37 சதவீதம்தான் சரி. ஒரு பையன்கிட்ட 35 விலையில 10 தேங்காய் கேட்டப்ப, பத்தால பெருக்கி ஒரு சைபர் சேக்கற வழியில அவன் போகவே இல்ல. மூணு தேங்காய் 105னு அவனுக்கு ஏற்கனவே தெரியும், அதை 105, 210, 315னு ஏத்திட்டு கடைசியா ஒரு 35 சேத்து 350ன்னான். பெரியவங்க வேலை இடத்துலயும் இதே கதைதான்.

ஆஸ்பத்திரி நர்ஸுங்க மருந்து அளவு கணக்கு போடறதை சீலியா ஹாய்ல்ஸ், ரிச்சர்ட் நாஸ், ஸ்டெஃபனோ போஸினு மூணு பேர் வார்டுலயே கூட இருந்து ஆராய்ச்சி பண்ணாங்க, 2001ல வெளியாச்சு. படிக்கும்போது நர்ஸுங்களுக்கு ஒரு ஃபார்முலா சொல்லிக் கொடுப்பாங்க, தேவையான அளவை கையில இருக்கற அளவால வகுத்து திரவ அளவால பெருக்கணும்னு. வார்டுல கவனிச்சா பெரும்பாலும் அந்த வழியில போகவே இல்ல, ஒவ்வொரு மருந்துக்கும் அது எந்தப் பேக்கிங்ல வருதுங்கறதைப் பொறுத்து ஒரு வழி வச்சிருக்காங்க, தப்பும் வரல. 2 மில்லியில 100 மில்லிகிராம் இருக்கற மருந்துன்னு வச்சுக்கோங்க, 120 மில்லிகிராம் வேணும்னா 120ஐ இரட்டிச்சு 240, புள்ளியை ரெண்டு இடம் தள்ளி 2.4 மில்லி. நேர் விகிதம்தான், ஒன்பதாம் வகுப்புப் பையனுக்குத் தெரிஞ்சதுதான், ஆனா இந்த மருந்துக்கு இந்தப் பேக்கிங்குக்கு மட்டும் பொருந்தற வடிவத்துல. இதை நேர்ல ஒரு தடவை பாத்த டீச்சர் விகிதப் பாடத்தை பழைய மாதிரி எடுக்க மாட்டாங்க, ஏன்னா ஃபார்முலா முடியற இடத்துல புரிதல் எப்படி வேலை செய்யுதுன்னு பாத்துட்டாங்க, ஒரு பையன் நோட்டுல வேற வழியில போட்டா அதை அடிக்கறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் நின்னு படிப்பாங்க.

இதுலேர்ந்து நடைமுறைக்கு ஒரு முக்கியமான விஷயம் வருது. அங்க போய் "உங்க வேலையில கணக்கு எங்க வருது"ன்னு கேக்காதீங்க. "கணக்கா, நாங்க அதெல்லாம் போடறதில்லையே, கம்ப்யூட்டர் பாத்துக்கும்"னுதான் பதில் வரும். அவங்க மறைக்கல, அவங்களுக்கு அது கணக்காவே தெரியறதில்ல, வேலையோட கலந்து போச்சு. பதிலா இப்படிக் கேளுங்க: இப்ப இதை நிறுத்தணும்னு எப்படி முடிவு பண்ணீங்க? இந்த நம்பர் தப்பா இருந்தா உங்களுக்கு எப்படித் தெரியும்? புதுசா சேர்றவங்க எங்க தடுமாறுவாங்க? இந்த மூணாவது கேள்விதான் தங்கம், அதுக்கு வர்ற பதில்ல பாதி நம்ம வகுப்புல பசங்க தடுமாறற இடமாவே இருக்கும், யூனிட் மாத்தறது, தசமப் புள்ளி, சதவீதம் எதுக்கு மேல எடுத்ததுங்கறது, இப்படி.

தொழிற்சாலைன்னு முடிவானா லேத் (இரும்பைச் சுத்த விட்டுக் கடையற மெஷின்) இல்லைன்னா சிஎன்சி (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டுல ஓடற) மெஷின் ஓட்டற ஆபரேட்டர் பக்கத்துல நில்லுங்க. டிராயிங்ல 20 மில்லிமீட்டர், கூட்டல் கழித்தல் 0.02னு இருக்கும். 19.98லேர்ந்து 20.02 வரைக்கும் எது வந்தாலும் சரி. நம்ம நோட்டுல ஒரே ஒரு விடைக்குத்தான் டிக், இங்க ஒரு இடைவெளி முழுக்கவே சரியான விடை. ஆபரேட்டர் மைக்ரோமீட்டர்ங்கற நுணுக்கமா அளக்கற கருவியில அளந்துக்கிட்டே வருவாரு, 20.004, 20.007, 20.009, 20.013, எல்லாமே எல்லைக்குள்ளதான், ஆனா அவர் மெஷினை சரி பண்ணக் கிளம்பிடுவாரு. ஏன்னு கேளுங்க. டூல் தேய்ஞ்சுக்கிட்டு வருது, போற போக்கு அவருக்குத் தெரிஞ்சிடுச்சு, எல்லையைத் தாண்டற வரைக்கும் காத்திருந்தா அதுக்குள்ள கழிவு விழும். கோட்டுச் சாய்வு பாடம் அங்க உயிரோட நடக்குது, அவர் வாயில அந்த வார்த்தை வராது, அவ்வளவுதான்.

கொஞ்சம் பெரிய இடமா இருந்தா சுவத்துல கண்ட்ரோல் சார்ட் ஒட்டியிருக்கும், எடுத்த அளவுகளை வரிசையா புள்ளி வச்சுக் குறிக்கற கிராஃப். 1924ல வால்டர் ஷூவார்ட்னு ஒருத்தர், பெல் டெலிபோன் கம்பெனிக்கு சாமான் செஞ்சு கொடுத்த வெஸ்டர்ன் எலக்ட்ரிக்ல வேலை பாத்தவர், கண்டுபிடிச்சது. நடுவுல சராசரிக் கோடு, மேலயும் கீழயும் மூணு திட்ட விலக்கம் (அளவுகள் சராசரிலேர்ந்து எவ்வளவு சிதறிக் கிடக்குன்னு காட்டற நம்பர்) தள்ளி ஒவ்வொரு கோடு. புள்ளி உள்ளயே இருந்து அங்கங்க சிதறிக் கிடந்தா மெஷினைத் தொடக் கூடாது, வெளியே போனாலோ ஒரே பக்கமா வரிசையா போனாலோ காரணம் தேடணும். இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது அந்தத் "தொடக் கூடாது". ஒவ்வொரு சின்ன ஏத்தம் இறக்கத்துக்கும் மெஷினைத் திருகிட்டே இருந்தா சிதறல் இன்னும் அதிகமாயிடும், அதனால எப்ப சும்மா இருக்கணும்னு சொல்றதுக்குத்தான் திட்ட விலக்கம் அங்க பயன்படுது. நம்ம வகுப்புல அதை வர்க்கம் கூட்டி வர்க்கமூலம் எடுக்கற ஒரு நீளமான கணக்கா முடிச்சிடறோம், எதுக்குன்னு பையன் கேட்டா நமக்கே பதில் இல்ல.

தண்ணி சுத்திகரிப்பு நிலையமும் மேத்ஸுக்கு அருமையான இடம், யாரும் யோசிக்கறதில்ல. லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின், மணிக்கு 500 கன மீட்டர் தண்ணி, அப்ப மணிக்கு ஒரு கிலோ குளோரின். இது வரைக்கும் பாடப் புத்தகம். ஆனா தண்ணி கலங்கி வந்தா அழுக்கே குளோரினைத் தின்னுடும், கடைசியில தண்ணில மிச்சம் எவ்வளவு நிக்குதுங்கறதுதான் கணக்கு. அரை மணி நேரம் கலந்த பிறகு லிட்டருக்கு குறைஞ்சது 0.5 மில்லிகிராம் மிச்சம் இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. ஆக பின்னாடிலேர்ந்து முன்னாடி கணக்கு போடறாங்க, மிச்சத்தை அளந்து போடறதை ஏத்தி இறக்கறாங்க. மாறாத விகிதம்னு நாம சொல்லிக் கொடுக்கறது அங்க மணிக்கு மணி மாறுது.

ரவுண்ட் பண்றதையும் கவனிங்க. நமக்கு 5ஓ அதுக்கு மேலயோன்னா மேல, கீழன்னா கீழ. வேலை இடத்துல தூக்கற பாரம்னா எப்பவும் கீழ, தேவைப்படற வண்டின்னா எப்பவும் மேல. அமெரிக்காவுல 1980கள்ல தேசிய மதிப்பீட்டுத் தேர்வுல ஒரு கணக்கு கேட்டாங்க, 1128 வீரர்கள், ஒரு பஸ்ல 36 பேர், எத்தனை பஸ் வேணும். வகுத்தல் சரியா பண்ண பசங்க ஏறக்குறைய 70 சதவீதம், 32னு எழுதினவங்க 23 சதவீதம்தான், 29 சதவீதம் பேர் "31, மீதி 12"னு எழுதி வச்சாங்க. வகுக்கத் தெரிஞ்ச பையன் பஸ்ஸை யோசிக்கல. வண்டி ஏற்பாடு பண்ற ஒரு ஆளோட அரை நாள் இருந்தீங்கன்னா இந்த மீதியை வச்சு அவங்க எவ்வளவு யோசிக்கறாங்கன்னு தெரியும்.

மத்த பாட டீச்சர்களும் கூட வர்றாங்கன்னா அவங்களுக்கும் விஷயம் இருக்கு, குறிப்பா மொழி டீச்சர்களுக்கு, அவங்களைத்தான் எல்லாரும் விட்டுடறாங்க. ஆஸ்பத்திரில ஷிஃப்ட் மாறும்போது நோயாளியைப் பத்தி அடுத்தவங்ககிட்ட ஒப்படைக்கறதைக் கேக்கச் சொல்லுங்க. நிலைமை, பின்னணி, என் கணிப்பு, என் பரிந்துரைனு நாலு படியில சொல்ற எஸ்பார் முறை பல இடத்துல உண்டு, அமெரிக்கக் கடற்படையோட அணு நீர்மூழ்கிக் கப்பல்கள்லேர்ந்து வந்தது. ஒரு பத்தியை எப்படிக் கட்டறதுன்னு சொல்லிக் கொடுக்க இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது, ஒரு வரி விட்டுப் போனா ஒரு ஆளுக்கு என்ன ஆகும்னு கண் முன்னாடி இருக்கு. நோயாளி விவரம் எதுவும் நோட்டுல எழுதக் கூடாது, அந்த அமைப்பை மட்டும் எடுத்துக்கிட்டா போதும்.

ஏற்பாட்டைப் பத்தி சுருக்கமா. நாலு நாளையும் ஒரே இடத்துல வைக்கச் சொல்லிக் கேளுங்க, நாளுக்கு ஒரு இடம்னா நாலு வரவேற்பு, நாலு ஸ்லைடு ஷோ, நாலு கேண்டீன்தான் மிஞ்சும். முதல் நாள் எல்லாருமே உங்களுக்காக ஒழுங்கா நடந்துப்பாங்க, ரெண்டாவது நாள்லேர்ந்துதான் வேலை இயல்பா நடக்கும், ஏதாவது கெட்டுப் போகும், அப்பதான் யோசிக்கறதை வெளியில சொல்லுவாங்க. மேனேஜரோட பேசறதை அரை மணி நேரத்துல முடிச்சிடுங்க. சின்ன பட்டறையா பெரிய கம்பெனியான்னா நான் சின்னதைத்தான் சொல்வேன், அங்க ஆர்டர் வர்றதுலேர்ந்து பில் போடறது வரைக்கும் ஒரே இடத்துல பாத்துடலாம். உங்க ஸ்கூல்லேர்ந்து இன்னொரு மேத்ஸ் டீச்சரும் வந்தா ஜோடியா போங்க, ஒரே வேலையை ரெண்டு பேர் பாத்துட்டு சாயங்காலம் பேசும்போது ஒருத்தர் கவனிக்காததை இன்னொருத்தர் சொல்லுவாங்க.

போறதுக்கு முன்னாடி அடுத்த டெர்ம்ல நீங்க எடுக்கப் போற ஒரு பாடத்தை எடுத்து வச்சுக்கோங்க, ஒண்ணே ஒண்ணு, பசங்களுக்கு எப்பவும் கஷ்டமா இருக்கற பாடமா பாத்து. அதை மனசுல வச்சுக்கிட்டுப் போனா கண்ணு தானா தேடும். காலியா இருக்கற ஃபார்ம், லாக் ஷீட், செக்லிஸ்ட் கிடைச்சா அனுமதி கேட்டு வாங்கிட்டு வாங்க, போட்டோவைவிட இதுதான் வகுப்புல உதவும்.

ஒரு சந்தேகம் அடிக்கடி வரும், இதெல்லாம் கம்பெனிக்கு ஆள் தயார் பண்ற வேலை ஆகிடாதான்னு. நியாயமான சந்தேகம், தள்ளி விடற விஷயம் இல்ல. இங்கிலாந்துல 2014ல கேட்ஸ்பி அறக்கட்டளை வெளியிட்ட எட்டு அளவுகோல்கள்ல ஒண்ணு பாடத்தையும் வேலை உலகத்தையும் இணைக்கறது, அது வேலைவாய்ப்பு வழிகாட்டலுக்காக வந்தது, அதுவும் தேவைதான். ஆனா உங்க நோக்கம் வேற, உங்களுக்கு உங்க பாடமே இன்னும் ஆழமா புரியணும். அதனால கம்பெனி என்ன எதிர்பாக்குதுன்னு ஹெச்ஆர் சொல்றதைக் குறிச்சுக்கிட்டு வந்து பசங்ககிட்ட ஒப்பிக்க வேண்டாம். நின்னுக்கிட்டே எட்டு மணி நேரம் வேலை பாக்கறவங்க, நைட் ஷிஃப்ட் பாக்கறவங்க என்ன சொல்றாங்கன்னு கேளுங்க, அந்த வேலையோட கஷ்டமும் பசங்களுக்குத் தெரியணும். லாபம் பாக்காத பொது சேவை இடங்களையும் பட்டியல்ல சேக்கச் சொல்லுங்க.

இன்னொண்ணு, லீவுல அனுப்பறாங்கன்னா அதுக்கு ஈடா நேரமோ பணமோ கேக்கறதுல தப்பே இல்ல, மேல சொன்ன 1985 திட்டத்துல டீச்சர்களுக்குப் பணம் கொடுத்துத்தான் வச்சாங்க. ஓய்வைப் பிடுங்கிட்டு கத்துக்கோன்னா யாருக்கும் மனசு ஒட்டாது.

திரும்பி வந்த பிறகுதான் பெரும்பாலான ஸ்கூல் கோட்டை விடுது. அறிக்கை எழுதி வாங்கிட்டு ஃபைல்ல போட்டுடறாங்க. நாலாவது நாள் மத்தியானத்தை அந்த இடத்துலயே உக்காந்து பாடத்தைத் திருத்தி எழுத ஒதுக்கச் சொல்லுங்க, சந்தேகம் வந்தா கேக்க ஆள் பக்கத்துலயே இருப்பாங்க. பாடத்தைத் திருத்தறதுன்னா பழைய கணக்குல ராமு, சீதாவை எடுத்துட்டு ஆபரேட்டர், நர்ஸ்னு போடறது இல்ல. கணக்கோட வடிவமே மாறணும். ஒரு பேக்கிங் மெஷினோட 25 எடைகளைக் கொடுங்க, ரெண்டு அளவு விட்டுப் போயிருக்கட்டும், ஒண்ணு சந்தேகப்படற மாதிரி இருக்கட்டும், தேவையில்லாத தகவலும் ரெண்டு இருக்கட்டும். மெஷினை நிறுத்தணுமா வேண்டாமா, நிறுத்தினா உற்பத்தி நின்னுடும், நிறுத்தாட்டி குறை எடை பாக்கெட் வெளியே போகும், முடிவு எடுத்து காரணம் ரெண்டு வரியில எழுதுங்கன்னு கேளுங்க. சராசரி, சிதறல், கிராஃப் எல்லாம் பசங்களே தேடி எடுப்பாங்க, எடுக்காத பசங்க எங்க நிக்கறாங்கன்னும் உங்களுக்குத் தெரிஞ்சிடும். முதல் தடவை வகுப்பு குழம்பும், "சார் எந்த ஃபார்முலா"ன்னு கேப்பாங்க, அதுக்குப் பதில் சொல்லாம இருங்க.

பசங்க எழுதின விடைகள்ல வித்தியாசமா இருக்கற நாலஞ்சை பேரை மறைச்சு நீங்க பாத்த அந்த ஆபரேட்டருக்கோ நர்ஸுக்கோ அனுப்பி வைங்க, நீங்களா இருந்தா எதை ஒத்துப்பீங்கன்னு ஒரே கேள்வி. பெரும்பாலானவங்க சந்தோஷமா பதில் சொல்லுவாங்க, நாம சரின்னு டிக் போட்டதை வேண்டாம்னும் சொல்லுவாங்க, அதை அப்படியே வகுப்புல படிச்சுக் காட்டுங்க. இதை டெர்முக்கு ஒரு தடவை பண்றதுக்கு ரெண்டு பீரியட் வேணும்னு போறதுக்கு முன்னாடியே ஹெச்எம்கிட்ட கேட்டு டைம்டேபிள்ல போட வச்சிடுங்க, வந்த பிறகு கேட்டா போர்ஷன் முடிக்கணும்னு சொல்லிடுவாங்க.